மாமனாருக்குப் போட்ட டீ

எனக்கு டீ நன்றாகப் போட வரும், டாக்டரம்மா. பெருமைக்குச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். பகல் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று பொறுமையாகக் கேட்கிற வேலை. வீட்டுக்குப் போகும்போது அந்தப் பொறுமை தீர்ந்திருக்கும். அங்கே என் மாமனார் இருப்பார். தணிக்கை அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். அலுவலகம்தான் அவரை விட்டதே தவிர, அவர் தணிக்கையை விடவில்லை. பற்பசையை யார் நடுவில் அமுக்கியது, செருப்பு ஏன் கோணலாகக் கிடக்கிறது, ஆளில்லாத அறையில் மின்விசிறி யாருக்காகச் சுற்றுகிறது, எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்பார். "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் அன்றைக்கு நான் செய்த தப்பையெல்லாம் மனசுக்குள் எண்ணிவிடுவேன்.

பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையில், சூயிங்கம் டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தக் குட்டிப் பாட்டில்களைப் பார்த்தேன். பச்சை இலைப் படம். மன அமைதிக்கான மூலிகை பானம். அவர் டீயில் கால் பாட்டில் கலந்தேன். கசப்பை இஞ்சி மறைத்துவிட்டது. அன்று மாலை செருப்பைத் தாறுமாறாகக் கழற்றிப் போட்டேன், வேண்டுமென்றேதான். அவர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாவம், களைச்சுப் போய் வந்திருக்கீங்க" என்றார்.

என் மனைவி அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லைங்க" என்றாள். கட்டியவளுக்கு ஒரு கணவன் இதைவிட என்ன செய்துவிட முடியும்?

கல்லாவில் இருந்த பெண் ஒருநாள் கேட்டாள். "அடிக்கடி வாங்குறீங்களே அண்ணா, உங்களுக்கா?"

"வீட்டுல பெரியவருக்கு."

"பார்த்துண்ணா. பழகிட்டா விடாதுங்கிறாங்க. எங்க சித்தப்பா இதைக் குடிச்சுக் குடிச்சே வேலையைத் தொலைச்சாரு."

நல்ல பெண். ஆனால் அது எனக்குப் புதுச் செய்தி இல்லை. பாட்டிலின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது: பழக்கத்தை உண்டாக்கக்கூடும். பொடி எழுத்தோடு மல்லுக்கட்டுவது என் தொழில். முதல் நாளே வாசித்துவிட்டேன்.

பிறகு ஒரு கல்யாணத்துக்காக நானும் மனைவியும் வெளியூர் போனோம். அவருக்குத் துணையாக வந்திருந்த மச்சான் போன் செய்தான். "அத்தான், அப்பா காலை உதறிக்கிட்டே இருக்காரு. வேர்த்துக் கொட்டுது. சட்டையைக் கழட்டுறாரு, போடுறாரு. நான் போட்ட டீயை என் மேலயே ஊத்தப் பார்த்தாரு. நீங்க போட்ட டீதான் வேணுமாம்."

பந்தியில் உட்காராமல்கூட அரக்கப்பரக்கத் திரும்பினோம். டீ போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிட்டார்.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நானும் உட்கார்ந்து யோசித்தேன். அளவைக் கூட்டினேன்.

அதன்பின் வீடு வீடாக இருந்தது. அவருக்கு வாய் நீளும் நாளில் டீ தாமதமாகும், அவ்வளவுதான். ஒரு வார்த்தை நான் கடிந்து பேசியதில்லை. டிவி ரிமோட் தானாக என் கைக்கு வந்தது. ஜன்னலோர அறையை அவரே காலிசெய்து கொடுத்தார். நான் வேலையிலிருந்து வந்தால் எழுந்து நிற்பார். உட்காருங்கள் என்று சொல்லும்வரை நிற்பார். சில நாள் சொல்ல மறந்துவிடுவேன்.

பங்க் கடையில் சரக்கு தீர்ந்துபோனதுதான் வினையாகிவிட்டது. வேறு கடையில் வேறு பாட்டில் கிடைத்தது. 'இரட்டை வீரியம்' என்று இதில் கொட்டை எழுத்திலேயே போட்டிருந்தார்கள். வீரியம்தானே, வயதானவருக்கு நல்லது என்று முழுதாக ஊற்றினேன். குளியலறை வாசலில் கண் செருகி விழுந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

நான்தான் கலந்தேன், டாக்டரம்மா. அவருக்குத் தெரியாமல், என் மனைவிக்குத் தெரியாமல், இத்தனை மாதமாக. எழுதிக்கொள்ளுங்கள். போலீசுக்குச் சொல்ல வேண்டுமானாலும் சொல்லுங்கள். பாட்டில் கண்ணில் பட்டதும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என் மனைவி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள், என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். மச்சான் சட்டையைப் பிடித்துவிட்டான். எனக்கும் மாமாவுக்கும் உள்ள நெருக்கம் இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது? மயக்கம் தெளிந்ததும் அவர் பெற்ற மகளைத் தேடவில்லை, மகனையும் தேடவில்லை. நர்சம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை எங்க, மாப்பிள்ளையை வரச் சொல்லுங்க" என்று குழந்தை மாதிரி அழுதாராம். சொந்தப் பிள்ளைக்குக்கூடக் கிடைக்காத பாசம் அது.