நாற்பத்தோராவது தாள்

விடியாத நாலரை மணி. கடலூர் சிதம்பரம் சாலையில் புதுச்சத்திரம் தாண்டினால் ஈ காக்கை கிடையாது. நம்ம சபாபதியின் கூட்டாளி அப்துல் ஹக் அதில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். அறுபத்தேழாம் வருஷம்... நெருங்கி உட்காருங்கள், கத்திச் சொல்கிற கதையில்லை இது.

பம்பாய்க் காற்று எவ்வளவு கெட்டுவிட்டது என்று சர்க்காரில் அளந்துகொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல காற்றும் வேண்டுமாம். அதற்காக இந்தப் பொட்டலில், மூடிப்போன செங்கல் சூளைக்கு எதிரே ஒரு மெஷின் வைத்தார்கள். பாட்டரியில் ஓடும். ரப்பர் குழாய் வழியே காற்றை இழுத்து வெள்ளைத் தாளில் வடிகட்டும். விடியுமுன் தாளை மாற்றி பம்பாய்க்கு அனுப்புவது ஹக்கின் வேலை. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம்.

முதல் நாளே தாள் கன்னங்கரேல். முடி கருகின வாடை.

சூளைக் காவல்காரர் கொளஞ்சியப்பன் அதை முகர்ந்தார். "அமிர்தத்த இந்தச் சூளையிலதான் கட்டுனவனே உசுரோட தள்ளிவுட்டான். ஓடிப்போயிட்டாள்னு ஊர நம்ப வெச்சான். இப்ப ஒங்க தாள்ல வந்து நிக்கிறா தம்பி. அப்படியே அனுப்பிடுங்க."

"பீடி குடிச்சிக் கெடுத்துட்டேன்னு சொல்வாங்க மாமா. வேலை போயிரும்."

கறுத்த தாளைக் கொளுத்திவிட்டுப் புதுத் தாளை உறையில் போட்டான். ஒருநாளா, இரண்டு நாளா? நாற்பது நாள். எரிந்து செத்தவளை நாற்பது தரம் எரித்தான், பாவி! எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நாற்பத்தோராம் நாள்... மெஷின் சத்தம் இல்லை. பதிலாக, ஹ்ஹ்... ஹ்ஹ்... வெந்துபோன தொண்டை காற்றுக்குத் திணறுகிற சத்தம்.

"பிஸ்மில்லா" என்று குழாயைத் தூக்கினான். அது மணிக்கட்டைச் சுற்றியது. கொதிக்கிற சூடு. தோல் அதோடு ஒட்டி உரிந்தது. அலறப் போனவன் குழாய் முகத்துக்கு வருவதைப் பார்த்து வாயை இறுக மூடினான். முன்பற்களை உடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று... போய்க்கொண்டே இருந்தது.

கொளஞ்சியப்பன் ஓடி வந்தபோது ஹக் மல்லாந்து கிடந்தான். விலா எலும்பெல்லாம் உள்ளே இழுபட்டு நொறுங்கியிருந்தது.

"இவன் எத்தினி வருசமா சூளையில வேலை பாத்தான்?" என்றாராம், அறுத்துப் பார்த்த டாக்டர். நுரையீரல் இரண்டும் கரி. வயது இருபத்தாறு.

மெஷினில் இருந்த தாள் மட்டும் பால் வெள்ளை. முதல் தடவையாக அசல் தாளே பம்பாய்க்குப் போயிற்று.

பத்தாம் நாள் பதில் வந்தது. காற்று மிகச் சுத்தம், ஹக்கின் வேலை நிரந்தரம். கூட்டாளிக்கு வந்த தபாலென்று சபாபதிதான் உறையைக் கிழித்தான்... உள்ளேயிருந்து முடி கருகின வாடை.