மாமனார் தலையில் விழுந்த வெளிச்சம்

டீ ஆறிப்போய்விடும், எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர். சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், மழுப்பப் போவதில்லை. ஆமாம், உங்களைக் கட்டிக்கொள்ள இருந்த என் மாமனாரின் தலையில் கருப்புப் பெயிண்ட் அடித்தது நான்தான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஏன் அடித்தேன் என்று புரிய வேண்டுமென்றால், ப்ரொஜெக்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மின்சாதனங்களைச் சோதித்து ஒரு மாத இதழில் எழுதுவது என் பிழைப்பு. மிக்ஸி, வாஷிங் மெஷின் என்று ஆரம்பித்து இப்போது ஹோம் தியேட்டர் வரைக்கும் வந்திருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் பொருளைக் கொஞ்ச நாள் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். பார்த்து, அளந்து, நல்லது கெட்டதை எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை வந்தது ஒரு லேசர் ப்ரொஜெக்டர். விலையை இப்போது சொல்ல மாட்டேன், டீ புரையேறிவிடும்.

அருமையான மெஷின். விசிறிச் சத்தம் காதைக் கொண்டுபோய் வைத்தால்தான் கேட்கும். முகத்தின் நிறம் முகத்தின் நிறமாகவே வரும். சில மெஷின்களில் கதாநாயகி முதல் வில்லன் வரை எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும். கார் துரத்தும் காட்சியில் ஒரு இடத்தில்கூடப் படம் இழுக்கவில்லை. ரிமோட்டிலேயே படத்தை மேலே கீழே நகர்த்தலாம், மூலைகள் மங்காது. எல்லாம் சரி, கருப்பு ஒன்றுதான் பாக்கி.

பலருக்கு இது தெரியாது டீச்சர். ப்ரொஜெக்டரால் வெளிச்சத்தை மட்டும்தான் அடிக்க முடியும், இருட்டை அடிக்க முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் கருப்பு. அறையில் எங்கேயாவது கொஞ்சம் வெளிச்சம் பட்டுத் திரும்பித் திரையில் விழுந்தால், கருப்பு சாம்பலாகிவிடும். அதற்கு மெஷினைக் குறை சொல்வது அநியாயம். முதலில் அறையைச் சரிசெய்ய வேண்டும் என்பது என் கொள்கை.

சரிசெய்தேன். ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். சுவர்களுக்கும் கூரைக்கும் கருப்பு அடித்தேன். சுவிட்சுகள் வெள்ளையாக இருந்தன, அவற்றுக்கும் அடித்தேன். என் மனைவி ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, "ஏங்க, இந்த ரூம்ல ஒரு ஜன்னல் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். அவள் தோடு மின்னியது, படம் பார்க்கும்போது கழற்றி வைக்கச் சொன்னேன். அதோடு அவள் அந்த அறைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மகளுக்குப் பல் வரிசை நல்ல வெள்ளை. நகைச்சுவைக் காட்சிகளில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொன்னேன். அவளும் வருவதில்லை.

மாமா மட்டும் வந்தார்.

உங்களுக்கு அவரைத் தெரியும், ஆனால் படம் பார்க்கும்போது தெரியாது. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் இல்லையா, முன் வரிசை நடு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவருக்குப் படம் ஓடும். திரையில் கார் வேகமாக வந்தால் வலது காலால் பிரேக் போடுவார். அத்தை தவறிப்போன பிறகு அவர் எங்களோடு வந்து தங்கிய நாளிலிருந்து, நான் சோதித்த ஒரு மெஷினையும் அவர் தவறவிட்டதில்லை. வெறும் கோடும் கட்டமுமாக வரும் சோதனைப் படத்தைக்கூட முழுசாகப் பார்ப்பார்.

"ஹீரோ எப்ப வருவாரு மாப்பிள்ளை?"

"இதுல ஹீரோ கிடையாது மாமா. கோடு மட்டும்தான்."

"பரவால்ல, கோடு நல்லா நடிக்குது."

அப்படிப்பட்ட மனிதர். பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார், பூங்காவுக்கு நடக்கப் போனார், அங்கே உங்களைப் பார்த்தார். முதலில் அரை மணி நேரம் நடந்தவர் அப்புறம் அரை நாள் நடந்தார். சர்க்கரை நன்றாகக் குறைந்தது. அதற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு நாள் விண்வெளிக் காட்சி ஒன்றை ஓடவிட்டுக் கருப்பை அளந்துகொண்டிருந்தேன். மாமா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. நானும் டீச்சரம்மாவும் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அப்புறம் நான் அவங்க வீட்டோட போயிடுவேன். உங்களுக்கும் இடம் தாராளமா இருக்கும்."

"ரொம்ப சந்தோஷம் மாமா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். தற்செயலாக அந்த நிமிஷத்தில்தான் அவருடைய வழுக்கைத் தலை என் கண்ணில் பட்டது. இத்தனை வருஷம் எனக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார், ஒரு நாளும் கவனித்ததில்லை. நட்சத்திரங்களின் வெளிச்சமெல்லாம் அந்தத் தலையில் பட்டுத் திரைக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

நான் யாரையும் ஆதாரமில்லாமல் குற்றம் சொல்பவன் அல்ல. அவரை உட்காரவைத்து ஒரு தடவை, எழுந்து போகச் சொல்லி ஒரு தடவை, வெளிச்சம் அளக்கும் மீட்டரால் அளந்தேன். வித்தியாசம் இருந்தது. புள்ளிக்குப் பிறகு மூன்றாவது இடத்தில்தான் இருந்தது, ஆனால் இருந்தது.

தொப்பி போடச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தொப்பியில் ஒரு குறை உண்டு. நினைத்தபோது கழற்றிவிடலாம்.

கேமராக்களின் உட்புறத்துக்கு அடிக்கிற ஒரு பெயிண்ட் இருக்கிறது. வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும். டப்பாவில் தோலில் படக்கூடாது என்று எழுதியிருந்தது. எழுதியிருப்பதையெல்லாம் நம்பிவிடக் கூடாது என்பதால் முதலில் என் முழங்காலில் தடவிப் பார்த்தேன். அரிக்கவில்லை, எரியவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், தேய்ப்பு நார் எல்லாம் போட்டுப் பார்த்தேன், போகவும் இல்லை. அது எனக்குத் திருப்தியாக இருந்தது. பாருங்கள், இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் உங்கள் பதிவு. ஞாயிறு மதியம் மாமா சாப்பிட்டுவிட்டு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். புதுச் சட்டை தைக்கக் கொடுத்து வாங்கியதைப் பற்றிச் சொன்னார். உங்களுக்கு நீலம் பிடிக்கும் என்றார். பேசிக்கொண்டே தூங்கிவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்கினால் பக்கத்தில் பஸ்ஸே ஹாரன் அடித்தாலும் எழ மாட்டார்.

மகளின் டிராயிங் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன். வேலை என்று வந்துவிட்டால் எனக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். புருவத்துக்கு மேலே டேப் ஒட்டி நேர்கோடு போட்டேன். காதுகளில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. பாதி வேலையில் தூக்கத்திலேயே சிரித்தார். உங்களைப் பற்றிய கனவாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் இரண்டாவது பூச்சு அடித்தேன்.

காய்ந்ததும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். தொழில்முறையில் சொன்னால் குறையே இல்லாத கருப்பு. மனிதர் புருவத்தோடு முடிந்திருந்தார். சாயங்காலம் மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, தாத்தாவுக்குப் புருவத்துக்கு மேல ஒன்னுமே இல்ல" என்று அழுதாள். என் மனைவி எண்ணெய் போட்டுத் தேய்த்தாள், என்னைப் பார்த்துக்கொண்டே தேய்த்தாள், அதனால் கொஞ்சம் அழுத்தமாகவே தேய்த்தாள். அதன் பிறகு இன்று வரை அவள் என்னோடு பேசவில்லை. மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாப்பிள்ளைக்கு ஏதாவது வேலை விஷயமா இருக்கும்மா, விடு" என்று என் மனைவியைச் சமாதானப்படுத்தினார். அப்போது எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. சாப்பிட்டது சேரவில்லை போலிருக்கிறது.

மறுநாள் நடந்தது நீங்கள் பார்த்ததுதான். நீலச் சட்டையில், தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். போட்டோ எடுக்க வேண்டும் என்று பதிவு அதிகாரி தொப்பியைக் கழற்றச் சொன்னார். அந்தக் கருப்பைப் பார்த்ததும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டியது, முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போனது. விலை குறைந்த கேமராக்கள் அப்படித்தான் செய்யும். அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஐயா, மெஷின் மூஞ்சியே இல்லைங்குது. கார்டுல இருக்கிற ஆளோட ஒத்துப்போகல. அதைப் போக்கிட்டு இன்னொரு நாள் வாங்க."

நீங்கள் கையிலிருந்த பையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். மாமா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கும் வருத்தம்தான். திரும்பும் வழியில் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், நானே இரண்டு சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

அவ்வளவுதான் டீச்சர். எல்லாம் கருப்புக்காகச் செய்தது. யார் மேலும் எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை.

என்ன கேட்டீர்கள்?

"அடிச்ச பிறகு திரையில கருப்பு எப்படி இருந்துச்சு? எவ்வளவு கூடிச்சு?"

நீங்கள் கணக்கு டீச்சர் என்று மாமா சொல்லியிருந்தார். இவ்வளவு கணக்காகக் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அளக்கவில்லை டீச்சர். அளக்க முடியாது. கம்பெனி வண்டி சனிக்கிழமை காலையிலேயே வந்து ப்ரொஜெக்டரை எடுத்துப் போய்விட்டது. கட்டுரையும் அதற்கு முன்பே எழுதி அனுப்பியாகிவிட்டது; கருப்புக்குப் பத்துக்குப் பத்து கொடுத்திருந்தேன். ஞாயிறு மதியம் அந்த அறையில் வெறும் திரை மட்டும்தான் இருந்தது. மெஷின் போய்விட்டது என்று தெரிந்தும் மாமா வந்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாதம் இன்னொரு மெஷின் வருகிறது. இதைவிடப் பெரியது. அதை நான் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும் என்றெல்லாம் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

டீயைக் குடியுங்கள். பதிவுக்கு அடுத்த தேதி எந்த நாள் என்று சொன்னீர்கள்? சும்மாதான் கேட்கிறேன். டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது.