வலது ஸ்கேட்டின் உள் ஓரம்

நீங்கள் வந்து கதவைத் தட்டியபோது நான் தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தேன். மே மாதக் கடைசிக்கு முன்னால் நட்டால் எங்கள் ஊர் உறைபனி ஒரே இரவில் கருக்கிவிடும். ஆறு நட்டாயிற்று, மீதி ஐந்தும் தட்டிலேயே இருக்கின்றன. என் மனைவி ஐரீனிடம் பேசினால் அவற்றுக்குத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். மற்றதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

வக்கீல் வேண்டாம், சார்ஜென்ட் டெலோர்ம். வக்கீல் வந்தால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளச் சொல்வார். நான் நடந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை.

பெயர் ஓரெஸ்ட் கோவலிஷின். வயது அறுபத்திரண்டு. சஸ்கட்டூன் ஹெரன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் முப்பத்தொரு வருஷமாக ஆட்டக்காரர்களின் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறேன். வியர்வைத் துணி துவைப்பது, ஹெல்மெட் திருகு முடுக்குவது, லேஸ் கோப்பது எல்லாம் உண்டு என்றாலும் என் உண்மையான வேலை சாணை பிடிப்பது. பனித்தளத்தில் சறுக்கப் போடும் ஸ்கேட் காலணியின் அடியில் இருக்கும் பிளேடு சமையலறைக் கத்தி மாதிரி ஒரே கூர் கொண்டதல்ல. நடுவில் மெல்லிய பள்ளம் ஓடும். அதன் இருபுறமும் இரண்டு ஓரங்கள்: உள் ஓரம், வெளி ஓரம். வேகமாக வந்து திரும்புகிறவன் தன் முழு எடையையும் அந்த ஓரத்தின்மேல்தான் போடுகிறான். விரல் நீளக் கல்லால் இரண்டு இழுப்பு இழுத்தால் ஒரு ஓரம் மழுங்கிவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. இதை எந்த அணியிலும் என் வேலை பார்க்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான்.

சம்பளம் பற்றிக் கேட்டீர்கள். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவர் கோடையில் வைக்கோல் கட்டு ஏற்றப் போவார். இன்னொருவர் சாராயக் கம்பெனிக்கு விற்பனையாளர். அக்டோபரில் திரும்பி வரும்போது எல்லாருடைய கழுத்தும் வெயிலில் சிவந்திருக்கும். இப்போது கோடையில் வருவது ஜூலை ஒன்று மட்டும்தான். டொரொன்டோவில் பகல் பன்னிரண்டு, எங்களுக்குக் காலை பத்து. அந்த மணி அடித்ததும் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் எவனும் யாருக்கும் சொந்தமில்லை. யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போவான். டீவியில் மேஜை போட்டு உட்கார்ந்து ஏலம் மாதிரி சொல்வார்கள். ஒவ்வொரு வருஷமும் சம்பள உச்சவரம்பு ஏறுகிறது, கூடவே எங்கள் ஊர் டிக்கெட் விலையும் ஏறுகிறது. ஐரீனின் தம்பி இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த இருக்கைகளைப் போன வருஷம் விட்டுவிட்டான். இப்போது அவன் வீட்டு நிலவறையில் ரேடியோ கேட்கிறான். இதைப் பற்றி யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை.

லெப்பானன் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன்.

யுஹா லெப்பானன் ஃபின்லாந்துக்காரன், நல்ல தடுப்பாட்டக்காரன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவனுடைய ஒப்பந்தத்தின் கடைசி வருஷம். புளோரிடாவில் வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டான். பிப்ரவரியில் ஒரு நாள் பயிற்சிக்கு முன் அவன் பிளேடில் ஓர் ஓரத்தை மழுங்க வைத்தேன். வழுக்கினான், தொடை நரம்பு இழுத்துக்கொண்டது, எட்டு வாரம் படுத்தான். ஜூலையில் யாரும் அவனைப் பெரிதாகக் கூப்பிடவில்லை. பாதிச் சம்பளத்துக்கு எங்களிடமே மூன்று வருஷம் கையெழுத்துப் போட்டான். அவனுடைய இரண்டாவது மகள் இங்கேதான் பிறந்தாள். நாடு திரும்பும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். "பெருசு, இந்த ஊர்ல இருந்த வருஷந்தான் நான் நிம்மதியா இருந்தேன்" என்றான். யாருக்கு என்ன நஷ்டம்?

ட்ரெவர் ரெம்பல் விஷயமும் அப்படித்தான் தொடங்கியது.

அவன் ராஸ்தெர்ன் பக்கத்துப் பண்ணைப் பையன். பத்தொன்பது வயதில் அணிக்கு வந்தான். முதல் வருஷம் எங்கள் வீட்டு நிலவறையில்தான் தங்கினான். ஐரீன் செய்யும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை ஒரே மூச்சில் இருபது தின்பான். அவனுடைய இடது பாதம் வலதைவிட அரை அளவு பெரிது. அதைக் கண்டுபிடித்தது நான். அதுவரை அவன் வலியோடுதான் ஆடிக்கொண்டிருந்தான், எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து. நான் இரண்டு காலுக்கும் வேறு வேறு அளவில் ஸ்கேட் வரவழைத்தேன். அந்த வருஷம் முப்பது கோல் போட்டான். அந்தக் கால்களை உருவாக்கியதில் எனக்குப் பங்கில்லை என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.

இந்த ஜூலையில் அவன் ஒப்பந்தம் முடிகிறது. அக்டோபரிலிருந்தே வேறு பேச்சில்லை. பத்திரிகையில் பத்து மில்லியன் என்றார்கள், பிறகு பன்னிரண்டு, கிறிஸ்துமஸ் வந்தபோது பதினான்கு. ஒரு வருஷத்துக்கு. உடைமாற்றும் அறையில் அவன் பெயரே மாறிவிட்டது.

"டேய், பதினாலு மில்லியன் பல்லு தேய்ச்சிட்டு வருது, வழி விடுங்கடா."

"பெருசு, அவன் சாக்ஸைத் தனியா துவை. கலந்துடப் போவுது."

ரெம்பல் சிரிப்பான். "துவைக்கிறதுல ஓட்டை விழுந்தா உங்க வீட்டையெல்லாம் வித்துத் தரணும், பாத்துக்கங்க" என்பான். நானும் சிரித்தேன். டல்லாஸ் என்றார்கள், நியூயார்க் என்றார்கள். அவன் போனால் அணியே இந்த ஊரைவிட்டுப் போகும் என்று முதலாளி ஒரு விருந்தில் சொன்னது என் காதில் விழுந்தது. மூன்று லட்சம் பேர் இருக்கிற ஊர். மைனஸ் முப்பதில் மனிதர்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதற்கு எங்களிடம் வேறென்ன இருக்கிறது? ஒரு ஆட்டக்காரனின் ஆறு வாரத்தை ஒரு தட்டிலும் ஒரு ஊரை இன்னொரு தட்டிலும் வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தேன். பிப்ரவரியில் ஒரு வலது கால் பிளேடை எடுத்து உள் ஓரத்தைத் தேய்த்து, பின்முனையில் கறுப்பு மையால் ஒரு புள்ளி வைத்தேன். தகுந்த நேரம் வரட்டும் என்று என் ஏப்ரனில் வைத்திருந்தேன்.

மார்ச் பதினொன்றாம் தேதி ஆட்டம். அதன் வீடியோவை நீங்கள் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். அதில் தெரியாததைச் சொல்கிறேன்.

மூன்றாவது பகுதி, ஒன்பது நிமிஷம் மிச்சம். ரெம்பல் பெஞ்சுக்கு வந்தான். யாருடைய ஸ்கேட்டையோ மிதித்ததில் பிளேடின் கூர் போய்விட்டது.

"பெருசு, வலது பிடிக்க மாட்டேங்குது. சீக்கிரம் மாத்து."

காலைத் தூக்கிக் கொடுத்தான். நான் மண்டியிட்டேன். பழைய பிளேடைக் கழற்றிப் புதியதைப் பொருத்தப் பத்து நொடி ஆகும். நான் ஒருபோதும் பத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதில்லை.

"ஆச்சா?"

"ஆச்சு."

தோளில் தட்டிவிட்டுத் தாண்டிக் குதித்தான். எங்கள் பக்கத்து மூலைக்கு ரப்பர் வட்டு ஓடியது. அவனும் எதிரணிக்காரன் ஒருவனும் துரத்தினார்கள். சுவருக்கு எட்டடி இருக்கும்போது இடப்பக்கம் திரும்பவேண்டும். திரும்பினான். வலது கால் பிடிக்கவில்லை. பலகைச் சுவரில் அவன் தலை முதலில் மோதியது. பதினைந்தாயிரம் பேர் இருந்த அரங்கத்தில் குளிர்சாதன எந்திரத்தின் சத்தம் கேட்டது. முப்பத்தொரு வருஷத்தில் அதை ஆட்டத்தின் நடுவே நான் கேட்டதில்லை.

கழுத்தெலும்பில் இரண்டு நொறுங்கிவிட்டன. மார்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. நான் ஆறு வாரத்துக்குத்தான் ஏற்பாடு செய்திருந்தேன். சுவர் அவ்வளவு அருகில் இருந்தது என் கையில் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமைதோறும் மருத்துவமனைக்குப் போகிறேன். ஐரீன் வைக்கும் பீட்ரூட் சூப்பைக் கொண்டுபோய் நானே ஊட்டுகிறேன். செவிலியர்கள் ஊட்டினால் அவனுக்குப் பிடிக்காது, அவசரப்படுத்துகிறார்கள் என்பான். ஏப்ரலில் ஒரு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"என் தப்புதான் பெருசு. ரொம்ப உள்ள போய்த் திரும்பிட்டேன். சின்னப் பையன் பண்ற தப்பு."

"விடுப்பா. சூப்பு ஆறிடும்."

நான் மறுக்கவில்லை. தன்னால்தான் நடந்தது என்று நினைக்கிறவன் சீக்கிரம் தேறிக்கொள்வான். அடுத்தவன்மேல் சந்தேகம் வந்தால் அது உள்ளிருந்து அரிக்கும். அந்த வகையில் அவனுக்கு நான் நல்லதுதான் செய்தேன்.

ரெம்பலின் மனைவி கெல்சி அப்படி நினைக்கவில்லை. அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல பெண், சிறுமிகளுக்குப் பனிச்சறுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறாள். மருத்துவமனையில் வெட்டியெடுத்த துணியோடு ஸ்கேட்டுகளையும் ஒரு பையில் போட்டு அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். நானும் அந்தப் பையைத் தேடினேன், பயிற்சியாளரிடம் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இரண்டு மாதம் அவள் அதைத் திறக்கவேயில்லையாம். திறந்த அன்று, பழக்கத்தில், பிளேடின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை இழுத்துப் பார்த்திருக்கிறாள். கூரான ஓரம் நகத்தைச் சீவும். வெளி ஓரம் சீவியது. உள் ஓரம் வழுக்கியது. நேராக உங்களிடம் வந்துவிட்டாள். தொழில் தெரிந்தவள், என்ன செய்வது.

இப்போது இந்தக் காகிதத்தை என் முன்னால் தள்ளுகிறீர்கள். மார்ச் பதினொன்று காலை பதினொன்றரைக்கு ரெம்பல் அவளுக்கு அனுப்பிய செய்தி. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது. "ஓரெஸ்ட்கிட்ட சொல்லிட்டேன். உனக்கு அடுத்து அவருக்குத்தான் முதல்ல தெரியணும்னு நெனச்சேன்."

சரி. நீங்கள் இதுவரை எழுதிய பக்கத்தில், அவன் ஊரைவிட்டுப் போய்விடக்கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். பிப்ரவரியில் அது உண்மை. மார்ச் பதினொன்றில் இல்லை.

அன்று காலைப் பயிற்சி முடிந்ததும் சாணை அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான். என் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, தலை இன்னும் ஈரம், சொன்னான்.

"நான் எங்கயும் போகல பெருசு. எட்டு வருஷம், இங்கயே. டல்லாஸ்காரன் கூடக் குடுக்கறான், வேணாம்னுட்டேன். நாளைக்குக் காலைல கையெழுத்து."

"எவ்வளவுக்கு?"

"பன்னெண்டு. அத விடு. உனக்கு ஒண்ணு சொல்லணும். உன் வீட்டுக் கடன் என்ன பாக்கின்னு ஐரீன்கிட்ட கேட்டு வெச்சிருக்கேன். அத நான் கட்டிடறேன். இந்த சீசனோட நீ வேலைய விட்டுடு. முட்டி தேஞ்சு போச்சு உனக்கு. இனிமே எவன் கால்கிட்டயும் நீ மண்டி போட வேண்டாம்."

என் தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அன்போடுதான் சொன்னான், எனக்குத் தெரியும். ஆனால் முப்பத்தொரு வருஷமாக நான் மண்டியிடுகிறேன் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான் வேலை செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஐரீனும் அவனும் சேர்ந்து உட்கார்ந்து என் கடனைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், எங்கள் சமையலறையில், அவன் கொழுக்கட்டை தின்ற மேஜையில். அன்று மத்தியானம் முழுக்க நாற்பது பிளேடுகளுக்குச் சாணை பிடித்தேன். ஒன்றுகூடக் கோணவில்லை, நீங்கள் சோதித்துப் பார்க்கலாம்.

ஏப்ரனில் இரண்டு பைகள். இடது பையில் அவனுக்கென்று அன்று நான் தீட்டிய நல்ல பிளேடு. வலது பையில் புள்ளி வைத்தது. அவசரத்தில் கை மாறியதா என்று கேட்கிறீர்கள். வக்கீலும் அதைத்தான் கேட்பார், ஆமாம் என்று சொல்லச் சொல்லுவார். கை மாறவில்லை. அவன் காலைத் தூக்கி என் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். நான் முதலில் இடது பையில்தான் கைவிட்டேன். நல்லதை எடுத்தேன், பார்த்தேன், திருப்பி வைத்தேன். பிறகு வலது பையிலிருந்து எடுத்துப் பொருத்தினேன். புள்ளி இருந்ததைப் பார்த்தேன். ஆச்சா என்று கேட்டான். ஆச்சு என்றேன்.

கையெழுத்து போடவேண்டிய இடத்தைக் காட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வரியைத் திருத்துங்கள், மேலே எங்கேயோ "ஆத்திரத்தில்" என்று எழுதியிருக்கிறீர்கள். ட்ரெவர்மேல் எனக்கு ஒருநாளும் ஆத்திரம் இருந்ததில்லை. அவன் என் சொந்தப் பிள்ளை மாதிரி.