உலக்கையின் முகம்

மதியத்தில் செஞ்சியில் எனக்கு அதிகம் வேலை இருக்காது. மலைப்பாறைச் சூடு தெருவுக்கு இறங்கிவிட்டால் என் ஜெராக்ஸ் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் நாவலை எழுதினேன். நீங்கள் நாவலைப் பற்றிக் கேட்கவில்லை, ரஞ்சித்தைப் பற்றித்தான் கேட்டீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான் இன்ஸ்பெக்டர் சார்.

நாவல் இன்னும் நூறு வருஷம் கழித்து இதே ஊரில் நடக்கிறது. கோட்டையின் மூன்று மலைகளையும் மூன்று கம்பெனிகள் பிடித்து வைத்திருக்கின்றன. ராஜகிரி உச்சிவரை ஒயர்கள், விளம்பர வெளிச்சம். மூளையில் சிப் வைத்துக்கொண்ட மனிதர்களும் மந்திரவாதிகளும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். கதாநாயகன் ஓர்க். வெளிநாட்டு மாயக்கதைகளில் வரும் இனம் அது. முன்தள்ளிய தாடை, புடைத்த நெற்றி, பெரிய கைகள். என் ஆள் கூலிக்குச் சண்டை போடுகிறவன். உலக்கை என்று பெயர் வைத்தேன்.

பாதி எழுதியும் அவனுக்கு முகம் வரவில்லை. வேறு யாரோ உண்டாக்கிய ஓர்க்கைப் பார்த்து நான் காப்பி அடித்தது போலவே இருந்தது. அப்போதுதான் ரஞ்சித் ஆதார் நகல் எடுக்க வந்தான். பக்கத்து வல்லத்துக்காரன். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, நெல் மூட்டை தூக்குகிறவன். அட்டையில் இருந்த முகமும் எதிரே நின்ற முகமும் ஒன்றாக இல்லை. தாடை நீண்டு, கீழ்ப்பற்களுக்கு நடுவே சந்து விழுந்து, மூக்கு அகன்றிருந்தது. நான் மாறி மாறிப் பார்த்ததைக் கவனித்துவிட்டான்.

"நான்தாண்ணா அது. ரேஷன் கடையிலயும் இப்படித்தான் பாக்கறாங்க."

உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். செருப்பு பத்தவில்லை, கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள், தலைவலி விடுவதில்லை என்றெல்லாம் சொன்னான். அன்றைக்கே உலக்கை எழுந்து நடக்க ஆரம்பித்தான்.

அதன்பிறகு ரஞ்சித் லோடு இறக்கிவிட்டு அடிக்கடி கடைக்கு வருவான். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, எழுதியவரை படிக்கச் சொல்லிக் கேட்பான். உலக்கை யாரையாவது தூக்கி அடிக்கும் இடங்களில் சிரிப்பான். "நம்மள மாதிரி மூஞ்சியெல்லாம் ஹீரோவாண்ணா? நல்லாத்தான் இருக்குது" என்பான். அவனை எனக்குப் பிடிக்கும். இதை நீங்கள் நம்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அவனைப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். அவன் போன் மழையில் நனைந்து கெட்டுப்போயிருந்ததால் என் நம்பரைக் கொடுத்தோம். சில நாளில் டாக்டரம்மா கூப்பிட்டார். மூளைக்கு அடியில் கட்டி, அதனால்தான் முகமும் கைகாலும் வளர்கின்றன, கண் நரம்பை அழுத்த ஆரம்பித்துவிட்டது, தள்ளிப்போட்டால் பார்வை போகும் என்றார். மூக்கு வழியாகவே எடுத்துவிடலாமாம். காப்பீட்டு அட்டை இருந்தால் செலவும் இல்லையாம். "உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். கூட்டி வருகிறேன் என்றேன்.

அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் கிடையாது. ஒன்று மட்டும் கேட்டேன்: ஆபரேஷன் செய்தால் முகம் என்ன ஆகும்? வளர்வது நின்றுவிடும், வீக்கம் கொஞ்சம் வடியும் என்றார்.

சாயங்காலம் ரஞ்சித் வந்தான். "இன்னா சொன்னாங்கண்ணா?"

"சத்துக்குறைவாம். மாத்திரை போதுமாம்."

மெடிக்கலில் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். தீரத்தீர நானே வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். நான் எடுக்கவில்லை. பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். அவன் மனைவி தமிழினி ஒருமுறை கடைக்கே வந்து, "ஆளே மாறிக்கினே போறாருண்ணா, வேற டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரியிலேயே பார்த்தாயிற்று, அலையவேண்டாம் என்றேன். படித்தவன் சொன்னால் சரி என்று போய்விட்டாள்.

அந்த ஒரு வருஷம் நான் எழுதியதுபோல் எப்போதும் எழுதியதில்லை. வாரத்துக்கு வாரம் அந்த முகத்தில் புதிதாக ஏதாவது இருக்கும். குரல் கட்டையானது. நாக்கு தடித்துச் சொற்கள் குழறின. பிறகு பக்கவாட்டுப் பார்வை குறைந்தது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கவே தலையை முழுசாகத் திருப்புவான். உலக்கையும் அப்படித் திருப்பினான். நாவலைத் தொடராக வெளியிட்ட இணைய இதழில் ஒரு வாசகர், அந்தத் தலைதிருப்பலில் ஒரு மிருகத்தின் கண்ணியம் இருக்கிறது என்று எழுதினார். ரஞ்சித்துக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் சந்தோஷப்பட்டான்.

விபத்து நடந்த அன்று கடைசி அத்தியாயத்தைக் கேட்பதற்காகத் திண்டிவனம் ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். நான் கடை வாசலில் நின்றேன். அவனுக்கு வலப்பக்கமிருந்து லாரி வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்திருக்காது என்பதும் தெரியும். கத்தியிருந்தால் கேட்டிருக்கும், அவ்வளவு தூரம்தான். நான் அவன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் முதலில் திருப்புகிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இடப்பக்கம் திருப்பினான்.

லாரி டிரைவர் மேல் குற்றமில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர்தான் தமிழினியிடம், கட்டிக்கு வைத்தியமே பார்க்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். அவள் நேரே கடைக்கு வந்தாள். அழவில்லை.

"உனக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா."

கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழே கிடந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்பவே ஆபரேஷன் பண்ணியிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று கேட்டாள்.

அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "முகம் அப்படியே நின்னுபோயிருக்கும்மா" என்றேன்.

நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல் அவள் காத்திருந்தாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.