முன்னங்கால் அறுத்த நாற்காலி

இல்லக்கா, எனக்குக் கோவமெல்லாம் இல்ல. கோவம் வந்தா மொட்டைமாடி வரைக்கும் கேக்கும். நீங்க குடிவந்து ஒரு வாரந்தானே ஆச்சு, போகப் போகத் தெரியும். நான் கேக்கறது என்னன்னா... எதிர்வீட்ல ஒருத்தி இருக்கா, அவள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? பழைய சாமான்காரரக் கூப்ட்டாச்சு, நாற்காலிய வாசல் வரைக்கும் இழுத்தாச்சு, அந்தச் சத்தத்துல நான் படிச்சதெல்லாம் போச்சு. சட்டம் படிக்கிறேன்கா. ஆமா, அதான் இப்படி. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

அவர் டீ குடிச்சிட்டு வரட்டும். நான் இதுலயே உக்காந்துட்டேன். என்னையும் சேத்து எடை போடட்டும்.

ஒடஞ்ச நாற்காலியா? யாரு சொன்னா? முன்னங்கால் ரெண்டும் குட்டை, அவ்ளோதான். வேணும்னே அறுத்தது. சொல்றேன், இருங்க... உள்ள என்ன அவசரம், அப்புறம் போலாம்.

இந்த வீட்ல முன்னாடி யார் இருந்தாங்கன்னு வீட்டுக்காரர் சொன்னாரா? 'யாரோ ஒரு வயசானவர்'னு சொல்லியிருப்பாரு. யாரோவாம். தொண்ணூறு தாண்டி, போன மாசம் தூக்கத்துலயே போய்ட்டார். அதுக்கு முந்துன நாள்கூட எங்களுக்குள்ள சண்டை. சண்டைன்னா... நான் போட்டேன், அவர் கேட்டுக்கிட்டிருந்தார். ஆபீசர்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். சர்வீஸ் பூரா, தண்ணி வரலன்னு புகார் சொல்ல வர்றவங்களப் பாக்கற வேலை. நெனச்சுப் பாருங்க, 'நல்லா வருது சார்'னு சொல்ல ஒருத்தராவது வந்திருப்பாங்களா?

ரிட்டயர் ஆனப்புறம் புகார் சொல்ல இங்க குடியிருக்கற நாங்க புடிச்சுக்கிட்டோம். மேல்வீட்டு டெய்லர் சம்சாரத்தோட சண்டை போட்டா நேரா இங்கதான் வருவார். கொஞ்ச நேரத்துல அந்த அம்மாவும் வருவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து என்னப் பத்திப் புகார் சொல்லிட்டுப் போவாங்க.

ஒரு நாள் வகுப்புல கேள்வி கேட்டேன்னு என்ன வெளிய அனுப்பிட்டாங்க. வந்து கொட்டறேன். இவர் பாட்டுக்கு நாற்காலி நுனிக்கு நுனிக்கு வர்றார், பின்னாடி நகர்றார், மறுபடி நுனிக்கு வர்றார். எந்திரிச்சு ஓட வழி பாக்கறார்னு நெனச்சுட்டேன். வந்துச்சு பாருங்க எனக்கு... போகணும்னா போங்களேன், எதுக்கு இந்த நாசூக்குன்னு கத்திட்டேன்.

அவர் அப்படியே நிதானமா, "நான் எந்திரிக்கல வக்கீலம்மா. நாற்காலி தள்ளுது. நீ சொல்லு"ன்னார்.

அப்பதான் கதையே தெரியும். ஆபீஸ்ல அவருக்கு முன்னாடி இருந்த மகானுபாவர், வர்றவன் சொகமா உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் பேசுவான்னு, தச்சரக் கூப்ட்டு வர்றவங்க உக்கார்ற நாற்காலியோட முன்னங்கால அறுக்கச் சொன்னாராம். வழுக்கி வழுக்கி அவனே எந்திரிச்சுப் போயிருவான். என்ன மூளை! ஆபீசர் அந்த சீட்டுக்கு வந்த அன்னைக்கே தன் நல்ல நாற்காலிய மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிட்டு, இதுல உக்காந்தவர்தான். ரிட்டயர் ஆற வரைக்கும், கால ஊனி ஊனி. கெளம்பறப்ப கேட்டு வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டார். விட்டுட்டு வந்தா அடுத்து வர்றவன் மறுபடி அந்தப் பக்கம் போட்டுருவானாம். வீட்லயும் அதே ஏற்பாடு. நமக்கு நல்லது, அவருக்கு இது.

அடியில ரெண்டு கட்டை வச்சா சரியாப்போகுமேன்னு அதுக்கும் சண்டை போட்டேன். நேரா உக்காந்தா தூக்கம் வருதாம், கேக்கறவன் தூங்கக்கூடாதாம். கொண்டுவந்த கட்டையத் தூக்கிக்கிட்டு நான் வீட்டுக்குப் போய்ட்டேன்.

அதான்கா... எடைக்குப் போடாதீங்க. ஒடச்சு வெறகாக்கிருவாங்க. எனக்குக் குடுத்துருங்க. என் ரூம்ல எடமில்ல, எங்கப்பா குதிப்பார், அத நான் பாத்துக்கறேன்.

சரியா? நெசமாவா? ச்சே, இன்னும் நாலு பாயிண்ட் வச்சிருந்தேன். வீணாப்போச்சு.

ஆமா, நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? நான் வந்ததுலேர்ந்து ஏதோ சொல்ல வாயெடுக்கறீங்க, நான்தான் விடல. அந்த ஜன்னலோரம் இருக்கறத இழுத்துப் போட்டு உக்காருங்க. அதான் நல்லது. ஆங்... இப்ப சொல்லுங்க.

என்னது, தண்ணி வரலியா? வந்த நாள்லேர்ந்தேவா?

ஐயோ, இருங்கக்கா, ஏன் நிறுத்திட்டீங்க? நான் எந்திரிக்கல. நாற்காலி தள்ளுது. நீங்க சொல்லுங்க.