லிஃப்ட் மேல மூணு புகார்

…அதெல்லாம் இல்லண்ணே, உங்க லிஃப்ட் அதிர்றதுதான் என் கருவியக் கெடுக்குது! மூணு கடுதாசி எழுதினப்புறம் இப்பத்தான் மெக்கானிக்குன்னு ஒரு ஆள் வர்றீங்க. ஐயோ, ஸ்பானர அங்க வைக்காதீங்க! அது ஆடக்கூடாத மேஜை. ஆறு வருசமா இந்தக் கருவிய நாந்தான் கட்டி மேய்க்கிறேன்.

இந்தக் கண்ணாடித் துண்டுல ஏதாச்சும் தெரியுதா? தெரியாது. இதுமேல தங்கத்துல ஆன்டெனா இருக்கு. மொட்டமாடி ஆன்டெனா இல்லண்ணே, ஒரு தலமுடி அகலத்துல நூத்துக்கணக்குல நிக்கும்! ஒளிக்குள்ள மின்புலம், காந்தப்புலம்னு ரெண்டு உண்டு. புருஷன் பொண்டாட்டின்னு வச்சுக்குங்களேன். மின்புலம் கத்துறது ஊருக்கே கேக்கும். காந்தப்புலம் பேசுறது பக்கத்துல நின்னாலும் கேக்காது… எங்க வீட்டுல நேர்மாறு, அத விடுங்க. அந்த வாயில்லாப்பூச்சியப் பேச வைக்கத்தான் இந்த ஆன்டெனா. ஒளியோட வாட்டத்த, அதாவது அது அதிர்ற திசைய மாத்த இந்தக் கைப்பிடி. மேல நின்னா காந்தப்புலம் எகிறும், கீழ அமுக்கினா அடங்கிடும். விட்டா ஸ்பிரிங் இழுத்து மறுபடி மேல வந்துடும். சொன்ன பேச்சு கேக்கும்! கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு…

லிஃப்ட்ல ஏறி வர்றேன், உள்ள நுழையறேன், உக்காந்து பாத்தா திரையில காந்தப்புலத்தக் காட்டுற கோடு படுத்துக் கெடக்கு! காலையிலயும் அப்படி, சாப்புட்டு வந்தாலும் அப்படி. முந்தாநாள் உங்க லிஃப்ட் ஓடல. அஞ்சு மாடி தூக்கிட்டு ஏற முடியாதுன்னு கைப்பையக்கூட வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு வந்தேன். அன்னிக்குப் பாத்துக் கோடு ஜம்முன்னு நிக்குது! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

நாலு மணிக்குப் பெரிய மேடம் வருவாங்க. கோடு எழும்பலன்னா கருவியப் பக்கத்து அறைக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்களாம். பக்கத்து அறையில யாரு? என் நாத்தனார்! அவ இதத் தொடுறத நான் பாக்கணுமா? வயிறு எரியுதுண்ணே.

என்ன, அந்தக் கைப்பையவே பாக்குறீங்க? என்னோடதுதான். மாட்டுறதுக்கு ஒரு ஆணி கேட்டேன், சுவர் அதிரும்னுட்டாங்க. அதான் வந்ததும் கைப்பிடியில மாட்டிடுவேன்… தண்ணி பாட்டிலு, குடை, டிபன் டப்பான்னு கனம் வேற… எதுக்குங்க எடுக்குறீங்க? அட, வைங்கன்னா!

…

கோடு எழும்புது.

அண்ணே… திரும்ப மாட்டுங்க. ம்ம், படுத்துடுச்சு. எடுங்க. …எழுந்துடுச்சு.

சிரிக்காதீங்கண்ணே, பக்கத்து அறைக்குக் கேக்கும்! லிஃப்ட்ல ஏதோ கோளாறு இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்ன, கெளம்பிட்டீங்க? அண்ணே… அண்ணே! லிஃப்ட் அந்தப் பக்கம் இல்லண்ணே, அது என் நாத்தனார் அறை!