மல் துணியில் வடிந்த மாணிக்கம்

மல்லிகை மணக்கும் இந்த மணப்பந்தலுக்குத் தலைமை தாங்கி, தாடியைத் தடவியபடியே "சீக்கிரம் முடி" என்று எனக்குச் சாடை காட்டிக்கொண்டிருக்கும் ஜாலான் பெண்டஹாரா ஜவுளிக்கடை முதலாளி, எனக்கும் படியளக்கும் முதலாளி, ஷரீஃபுதீன் ராவுத்தர் அவர்களே! பட்டுக்குப் பஞ்சம் வந்த நாளிலும் பெற்ற மகளைப் பட்டுடுத்திப் பார்த்துப் பூரித்திருக்கும் சாரதாம்பாள் அம்மையார் அவர்களே! காஜா பெராங் வட்டாரப் பெரியோர்களே! அரிசியைக் கண்ணில் காணாத காலத்தில் மரவள்ளிக்கிழங்கிலேயே மூன்று வகைப் பலகாரம் செய்து எங்களை மலைக்க வைத்த தாய்மார்களே! மணமக்கள் பொன்னுதுரை, கமலவேணி என்னும் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கலியாணசுந்தரத்தின் கனிவான வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், திராட்சை மது.

ஏன் திடுக்கிடுகிறீர்கள்? கல்யாண வீட்டில் கள்ளுக்கடைப் பேச்சா என்கிறீர்களா? முதலாளி முகம் சுளிக்க வேண்டாம். நான் பேச்சில்தான் ஊற்றுவேன், உங்கள் கோப்பையில் ஊற்ற மாட்டேன். ஆனால் ஒன்று. அந்தச் சிவப்பு மது இல்லையென்றால் இன்று இந்த மணவறையில் மாப்பிள்ளை இல்லை! மேடையில் நானும் இல்லை!

என்ன, பின்வரிசையில்? "நீ இல்லாவிட்டால் சாப்பாடு சீக்கிரம் கிடைத்திருக்கும்" என்கிறாரா? கிடைக்கும் ஐயா, கிடைக்கும். கிழங்கு ஓடிப்போகாது.

சென்ற ஆனி மாதம். நம் மலாக்கா உஜோங் பாசிர் கடலோரத்தில், வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் விட்டுவிட்டு ஓடிய பங்களா. அங்கே ஒரு ஜப்பானிய கேப்டன் குடியிருந்தார். அவர் இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். இருந்தாலும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தியே சொல்கிறேன். அந்த பங்களாவின் நிலவறையில் என்ன இருந்தது? பொன்னா? பொருளா? புட்டிகள்! பிரான்சு தேசத்திலே போர்தோ என்று ஒரு வட்டாரமாம், பர்கண்டி என்று ஒரு வட்டாரமாம். மண்ணுக்கு ஒரு மணம், மலைக்கு ஒரு குணம், மதுவுக்கு ஒரு மகுடம் என்று உலகமே உச்சியில் வைத்துக் கொண்டாடும் சிவப்பு மது, தூசு மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை கேப்டன் வீட்டுக்கு மேலதிகாரி விருந்துக்கு வருகிறார். புட்டியைப் பக்குவமாகத் திறக்க ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றும் டிரெஸ்ஸர் என்று நம் பொன்னுதுரையை அழைத்தார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும். நிப்பொங்கோ என்கிற ஜப்பானிய மொழி வகுப்பில் படித்துச் சட்டையில் வில்லை குத்திக்கொண்டு திரிந்த என்னை அழைத்தார்கள். நான் படித்த நிப்பொங்கோ வணக்கம் போடவும் வழி கேட்கவும் போதும். மதுவைப் பற்றிப் பேசவா போதும்?

கேப்டன் இருப்பதிலேயே உயர்ந்த போர்தோ புட்டியை, பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி வந்து கொடுத்தார். பொன்னுதுரை என்ன செய்தான் தெரியுமா? ஆஸ்பத்திரியில் மிக்ஸ்சர் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை அல்லவா? குலுக்கினான்! மேலும் கீழும், கீழும் மேலும், அடியில் கிடந்த வண்டல் அத்தனையும் எழும்பி வரும்படி ஆனந்தமாகக் குலுக்கினான்!

சிரிக்கிறீர்கள். அன்று நாங்கள் சிரிக்கவில்லை. எத்தனையோ வருடம் அசையாமல் கிடந்து தெளிந்த மது, ஆற்று வெள்ளமாகக் கலங்கிவிட்டது. அவனுக்கு ஓர் அறை. அவன் பக்கத்தில் நின்ற குற்றத்துக்கு எனக்கும் ஓர் அறை. பிறகு கேப்டன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதை மொழிபெயர்க்கத் தேவையே இல்லை. சயாம்!

தாய்மார்களே, அந்த வார்த்தை இந்தப் பந்தலில் எத்தனை பேர் வீட்டு விளக்கை அணைத்தது என்று எனக்குத் தெரியும். சயாமில் ரயில்பாதை போட வண்டியேற்றப்பட்ட நம் பிள்ளைகள் இன்னும் திரும்பவில்லை. மறுநாள் காலை வண்டியில் நாங்கள் இருவரும் போக வேண்டும்.

நான் கேப்டன் காலில் விழப் போனேன். அவன் என்னைப் பிடித்து நிறுத்தினான். "அண்ணே, வடிகட்டினா தெளிஞ்சிடும்னு சொல்லுங்க. நல்ல மெல்லிசுத் துணி வேணும்" என்றான். என் இடுப்பில் ஒரு புது மல் துண்டு இருந்தது. பொங்கலுக்கு முதலாளி கொடுத்தது. (கைதட்டுங்கள்! ராவுத்தர் துணி கொடுப்பது அபூர்வம்!) அதைக் கொதிக்கவைத்து, பிழிந்து, ஆறவைத்து, கண்ணாடிக் கூஜாவின் வாயில் கட்டி, சொட்டுச் சொட்டாக வடித்தான். வண்டல் துணியில் நின்றது. கூஜாவில் மாணிக்கம் இறங்கியது!

மேலதிகாரி வருவதற்கு முன்பே கேப்டன் மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். முகம் அசையவில்லை. பொன்னுதுரையிடம் கோப்பையை நீட்டி, "என்ன சுவை?" என்றார். அவன் ஆயுளில் அதுதான் முதல் மிடறு. சாரதாம்பாள் அம்மா, சத்தியமாக முதல் மிடறு! கண்ணை மூடினான். அவசரப்படவில்லை.

"அண்ணே, முதல்ல நாவப்பழம். அப்புறம் மங்கிஸ் பழத்தோட தோலைக் கடிச்ச மாதிரி ஒரு துவர்ப்பு. முழுங்கினப்புறம் பாருங்க, கிராம்பு. அதுக்கும் பின்னால, வெயில்ல காஞ்ச மண்ணுல மழை விழுந்த வாசம்."

நாவற்பழத்துக்கு நிப்பொங்கோவில் என்ன பெயர்? யாருக்குத் தெரியும்? நாக்கை நீட்டினேன், நீலம் என்று காட்டினேன். துவர்ப்புக்கு மூஞ்சியைக் கோணினேன். மழைக்கு விரல்களை உதிர்த்தேன், மண்ணுக்குத் தரையில் விழுந்து மோந்தேன். கேப்டன் சிரித்துவிட்டார்! அடுத்து பர்கண்டியைத் திறந்தார். "இது மெலிசு அண்ணே. அது அதட்டிப் பேசுது, இது காதுல பேசுது" என்றான் பொன்னுதுரை. கேப்டன் மேசையைத் தட்டி ஆமோதித்தார். அவர் ஊரும் திராட்சை விளையும் பள்ளத்தாக்காம், அப்பாவுக்குத் தோட்டமாம். மலாக்காவுக்கு வந்த நாள் முதலாய் இதைப் பேச ஒரு ஆள் இல்லையாம். ஆளை அடிக்கும் கைக்குள்ளும் பேச்சுக்கு ஏங்கும் ஒரு மனிதன் இருந்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு தீர்ப்புச் சொன்னார். சுவைக்கிறவன் இங்கே இருக்கட்டும். மற்றவன் சயாமுக்கு.

மற்றவன் யார்? நான்!

பொன்னுதுரை தப்பிவிட்டான். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யார் குறை சொல்லியிருப்பார்கள்? கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தான். "அண்ணே, அப்படியே சொல்லுங்க. வாயில ஊத்துனா எனக்குப் பாதிதான் தெரியுது. உங்ககிட்ட சொல்றப்பதான் மீதி தெரியுது. நீங்க போயிட்டா நான் வெறுங்குடிகாரன். என்னையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்க."

என் உயிருக்காக ஒருவன் பேசுகிறான். அதை நானே மொழிபெயர்க்க வேண்டும்! மேடை மேடையாய் முழங்கியவன், அன்று ஊமையானேன். அவனைத் தொட்டேன், என்னைத் தொட்டேன், இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன். அவ்வளவுதான் வந்தது.

கேப்டன் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். மூன்றாவது கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து, என் முன்னால் வைத்து, ஊற்றினார். மறுநாள் சயாம் வண்டி எங்கள் இருவரையும் ஏற்றாமலே போயிற்று.

பெரியோர்களே! தனியாய் விழுங்கினால் அது தாகம்! பக்கத்தில் ஒருவன் இருந்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் அதுதான் சுவை! அரிசி போயிற்று, ஆடை போயிற்று, ஆள் ஆளாய்ப் போயினர். இந்த ஒன்றை எவன் பறிப்பான்? கமலவேணி அம்மா, உனக்கு வாய்த்திருப்பவன் பாதிச் சுவையோடு அமைதி அடையாதவன். கிழங்கானாலும் கஞ்சியானாலும் கூட உட்கார்ந்து உண், பேசி உண், நூறாண்டு உண்!

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுமை இழந்தும் எழுந்து போகாதவர்களுக்கும், மல் துண்டு தந்த முதலாளிக்கும் என் வந்தனம். தம்பி பொன்னுதுரை, அன்று சொல்ல வராதது இன்று வருகிறது. இதற்கு மொழிபெயர்ப்பாளன் வேண்டாம். நன்றியடா, நன்றி! வணக்கம்.